சங்கு நண்டுக்கு ஏற்ற மணல்

முப்பத்தைந்து ஆண்டுகள் அரசாங்கக் கோப்புகளுக்கு விதி சொல்லி ஓய்வு பெற்றவன் நான். முறை தவறாமல் நான் செய்த முதல் காரியம் ஒரு நண்டின் அடக்கம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அரியலூரில் இருந்தோம். நாகப்பட்டினம் போயிருந்த மாமா, காலிச் சங்கில் குடியிருக்கும் நண்டு ஒன்றைத் தூக்குவாளியில் கொண்டுவந்தார். "ஈர மணல் ஆழமா போட்டு வையி மாப்ள. உள்ள போயிட்டா தோண்டாத. ஒரு மாசமானாலும் தானா வரும்" என்றார். மாமா சொல்வதில் பாதி பொய் என்பது எங்கள் வீட்டில் நிலைபெற்ற கருத்து.

எதிர்வீட்டில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த கொள்ளிடத்து மணலை நான் நிராகரித்தேன். ஆற்று மணல் கடல் பிராணிக்கு எப்படி ஆகும்? சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா, இந்த ஊரே ஒரு காலத்தில் கடல் என்பார். கல்லாகிப்போன சிப்பிகளைக் கொண்டுவந்து காட்டுவார். ஆகவே சுரங்கத்து வெள்ளைத் தூள்தான் அசல் கடல் மணல். இதைவிடச் சொத்தையான காரணங்களுக்குப் பிற்காலத்தில் மேலிடத்து ஒப்புதலே வாங்கியிருக்கிறேன்.

தொட்டியில் தூளை நிரப்பித் தினமும் உப்புத் தண்ணீர் தெளித்தேன். நான்காம் நாள் நண்டு உள்ளே போனது. வாசல் வெயிலில் தூள் இறுகிக்கொண்டே வந்தது. பத்தாம் நாள் தட்டிப் பார்த்தால் சிமெண்டுத் தரையின் சத்தம்.

"சமாதி கட்டிட்டியாடா? பூச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள் அக்கா.

அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அப்பாவின் சுத்தியலால் உடைத்தேன். சிறு குழிக்குள் நண்டு கிடந்தது. கால், கொடுக்கு, கண் எல்லாம் அப்படியே இருந்தன. கையில் எடுத்தால் கனமே இல்லை. பக்கத்தில் அதன் சங்கு. சங்குக்குள் வெளுத்து, மெத்தென்று ஏதோ அசைந்தது.

நண்டைத் தின்றுவிட்டு அதன் வீட்டிலேயே குடியேறிய புழு என்று முடிவு செய்தேன். அழுதுகொண்டே விளக்குமாற்றுக் குச்சியால் குத்தினேன். அது சங்கை விட மறுத்தது. வெகுநேரம் பிடித்தது. கடைசியில் வெளியே வந்து விழுந்ததைக் கோழி இரண்டே கொத்தில் முடித்தது.

பிறகு நண்டை வெள்ளைத் துணியில் சுற்றி முருங்கையடியில் புதைத்தேன். மூன்றாம் நாள் பால் தெளித்தேன். ஒரு சடங்கும் குறைவில்லை.

அடுத்த மாதம் மாமா வந்தார். "என்ன மாப்ள, வெளிய வந்துட்டானா?"

"செத்துப்போச்சு மாமா. புழு தின்னுடுச்சு."

"அது சாகறதுக்காடா உள்ள போவும்? பழைய தோல உரிச்சுப் போட்டுட்டுப் புதுசா வர்றதுக்குல்ல போவும்."

அதையும் அவருடைய பொய்களில் சேர்த்துவிட்டு, முருங்கையடிக்குப் பூப் போடப் போனேன்.