தொட்டிக்கு நோன்பு வைத்த தெய்வநாயகி

எங்கள் கம்பெனியின் லெட்டர்பேடில் மேலே பெரிய எழுத்தில் ‘லேக் கேஸ் அண்ட் கெமிக்கல்ஸ், பழவேற்காடு’ என்று இருக்கும். அதற்குக் கீழே ‘விஞ்ஞான ஆலோசகர்கள்’ என்று போட்டு இரண்டு பெயர்கள். ஒருவர் மெட்ராஸ் டாக்டர் சகாதேவன், நுண்ணுயிர்களைப் பற்றிப் படித்தவர். இன்னொருவர் தெய்வநாயகி, பொன்னேரி காலேஜில் கெமிஸ்ட்ரி லெக்சரர். மேனேஜர் மக்பூலாகிய என் பெயர் அதில் எங்குமே கிடையாது. பரவாயில்லை, சாணி வண்டிக்காரனுக்கு என்னைத் தெரிந்தால் போதும்.

கம்பெனி என் மச்சான் அப்துல் ஷுக்கூருடையது. மனுஷனுக்கு ஆசை கொஞ்சநஞ்சமில்லை. சாணியையும் ஏரிப்பாசியையும் தொட்டியில் ஊறவைத்து எரிவாயு எடுப்பது, அப்புறம் பாசியிலிருந்தே ஸ்பிரிட் எடுப்பது, அப்புறம் மருந்துக் கம்பெனிகளுக்குச் சரக்கு அனுப்புவது என்று எழுபத்தொன்பதிலேயே திட்டம் போட்டுவிட்டார். ஸ்பிரிட் கடைசிவரை வரவில்லை. வாயு வந்தது. அதுவும் தெய்வநாயகி இல்லாவிட்டால் நிலைத்திருக்காது. யார் வேண்டுமானாலும் கோபித்துக்கொள்ளட்டும், நான் இதைச் சொல்லத்தான் போகிறேன்.

அவள் சுண்ணாம்புக்குளத்துப் பெண். அப்பா தருமன், ஏரித் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிறவர். மகள் ஒரு கம்பெனிக்கு ஆலோசகர் ஆகிவிட்டாள் என்றதும் மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

“வூட்ல ஓசிலயே ஓயாம சொல்லினு கீறியே, அதுக்கு ஒரு கம்பெனியா?” என்றாராம்.

“சொன்னா கேக்கறவங்க அங்கதான் கீறாங்க, நைனா” என்று இவளும் விடவில்லை. அது பச்சைப் பொய். எங்கள் ஊரில் யார் சொன்னாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்த வருஷம், எண்பத்தொன்றில், எங்களுக்கு முதல் வாடிக்கை பள்ளிவாசலின் கஞ்சிக் கொட்டகை. நோன்பு மாதம் முழுக்க ஊருக்கே அங்கேதான் கஞ்சி. காய்ச்சுகிறவள் பரக்கத் பீவி. முன்பு அவள் புருஷன் காய்ச்சினார். அவர் மவுத்தான பிறகு கரண்டியை இவள் கையில் எடுத்தாள். பொம்பளை காய்ச்சுவதா என்று ஜமாத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். ஒரு நாள் கஞ்சியைக் குடித்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஆனால் சவுக்கு விறகுப் புகை அவள் நெஞ்சைத் தின்றுவிட்டது. போன நோன்பில் அடுப்படியிலேயே மூச்சு முட்டி விழுந்தாள். இனிப் புகைப் பக்கமே போகக்கூடாது, போனால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று ஆஸ்பத்திரி டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். “கஞ்சி காச்சாம எனக்கு இன்னா நோன்பு?” என்று அவள் அழுததைப் பார்த்துத்தான் மச்சான் தொட்டியிலிருந்து கொட்டகைக்குக் குழாய் இழுத்தார். தெய்வநாயகி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “இந்த வருஷம் பொகையே இல்லாம காச்சப் போறீங்க பீவிம்மா, நான் சொல்றேன்” என்று வாக்குக் கொடுத்தாள். பற்றவைத்துப் பார்த்தோம். நீல நிறத்தில் ஜோராக எரிந்தது.

திறப்பு விழாவில் மச்சான் மைக்கைப் பிடித்தார். “இது தொட்டின்னு நெனச்சுடாதீங்க. இது ஒரு வயிறு. தீனி போட்டா ஏப்பம் வுடும். அந்த ஏப்பந்தான் வாயு” என்று விளாசினார். கைதட்டல் பிரமாதம். அதோடு ஊர் மறந்துவிடும் என்று நினைத்தோம். மறக்கவில்லை.

நோன்புக்கு இரண்டு வாரம் முன்னால் பராத் இரவு. வீட்டுக்கு வீடு ரொட்டி சுட்டு, அல்வா கிண்டி, அக்கம்பக்கத்தில் ஒரு வாசலையும் விடாமல் பங்கு அனுப்புவது வழக்கம். தெருவில் ஒரு வயிறு இருக்கிறது, அதை மட்டும் எப்படிப் பட்டினி போடுவது? ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு தட்டு தொட்டிக்குப் போனது. மறுநாள் மிஞ்சியதும் போனது. மகராசிகள், மனசாரத்தான் போட்டார்கள்.

இரண்டு நாளில் கொட்டகை அடுப்பு அணைந்தது. தெய்வநாயகி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகத் தொட்டிக்கு வந்தாள். சாணி ஊற்றும் குழியில் ரொட்டித் துண்டுகள் மிதந்தன. லிட்மஸ் தாளை விட்டாள், சிவந்து போனது.

“யாரு போட்டது?” என்றாள்.

“நாங்கதான் டீச்சரம்மா! தேங்காப்பால் ரொட்டி!” என்று பெண்கள் பெருமையாக முன்னால் வந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவளோ தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும்தான் அவள் முகம் வாடியது.

தொட்டிக்கு மூடிபோல ஒரு இரும்பு டிரம் உண்டு, உள்ளே வாயு சேரச் சேர மேலே எழும்பும். அது இன்னும் உயரத்தில்தான் நின்றது. “வாயு இருக்குதேம்மா?” என்று மச்சான் கேட்டார்.

“இருக்குது, எரியாது. இனிப்பும் மாவும் சேர்ந்து உள்ள புளிச்சுப் போச்சு. எரியற வாயு குடுக்கற கிருமிக்குப் புளிப்பு ஆகாது” என்றாள்.

சகாதேவன் மெட்ராஸிலிருந்து வந்து பார்த்தார். மொத்தத்தையும் இறைத்துக் கொட்டிவிட்டுப் புதுச் சாணியில் ஆரம்பிப்பதுதான் நிச்சயமான வழி என்றார். அதில் தப்பில்லை. ஆனால் அப்படிச் செய்தால் நோன்புப் பெருநாள் முடிந்துதான் வாயு வரும். தெய்வநாயகி வேறு வழி சொன்னாள். தொட்டிக்குத் தீனியே போடக்கூடாது. கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். நோன்புப் பிறை தெரிவதற்குள் சரியாகிவிடும்.

“சரியாகலாம், ஆகாமலும் போகலாம்” என்றார் சகாதேவன். “நீங்க பக்கத்துல இருக்கீங்க, உங்க பேச்சுப்படியே செய்யட்டும். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. ஆலோசகர் வேலை சொல்றதோட முடிஞ்சுது.”

அவள் நேராகத் தெருவுக்குப் போனாள். வீட்டுக்கு வீடு கதவைத் தட்டி ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்: “தொட்டி நோன்பு இருக்குது.” அடடா, அதற்கு மேல் ஒரு தூசு விழ வேண்டுமே! நோன்பாளிக்கு யார் தீனி கொடுப்பார்கள்? அந்தப் பக்கம் போன ஆட்டைக்கூடப் பெண்கள் கல்லெடுத்து விரட்டினார்கள். அவள் தினமும் காலேஜ் விட்டதும் வருவாள், சுண்ணாம்பு விடுவாள், தாளைப் பார்ப்பாள். சிவப்பு மெல்ல வெளுத்தது. ஆனால் தீ மட்டும் பிடிக்கவில்லை.

பிறை தெரிந்துவிட்டது.

முதல் நோன்பு அன்று மதியம் அவள் குச்சியைக் கிழித்தாள். குபுக்கென்று மஞ்சளாக ஒரு நாக்கு நீட்டிவிட்டு அணைந்தது. மறுபடி கிழித்தாள். அதுவும் இல்லை. ஊர் முழுக்கப் பட்டினி, சாயங்காலம் கஞ்சி வேண்டும். பரக்கத் பீவி முந்தானையைச் செருகிக்கொண்டு விறகை எடுத்தாள்.

தெய்வநாயகி விறகைப் பிடுங்கினாள். “வெளியே போங்க பீவிம்மா.”

“நீ படிச்ச பொண்ணு, ஒனக்கு இன்னாம்மா தெரியும் இது? வுடு.”

“வாயு வரும்னு சொன்னது நானு. வரலன்னா ஊதறதும் நானுதான். நீங்க வெளிய குந்திக்கினு சொல்லுங்க, நான் செய்றேன்.”

பீவியைக் கைத்தாங்கலாக வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனேன். காற்று வாட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக உட்காரவைத்தேன். அங்கிருந்தபடியே அவள் கத்தினாள்: “நொய்யி கொதிச்சுதா? வெந்தயம் போட்டியா? அடி பிடிக்குது, கிண்டு!” உள்ளே புகைக்குள் ஆலோசகர் கிண்டினாள். கண் இரண்டும் கோவைப்பழம். கஞ்சி கொஞ்சம் அடிப்பிடித்துத்தான் இருந்தது. ஜமாத்தில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் அவளே வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். தினமும் முதலில் குச்சியைக் கிழிப்பாள், தீ பிடிக்காது, விறகை எடுப்பாள். அவள் இருமுவதைக் கேட்கக் கேட்க வேப்பமரத்தடியில் பீவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். “ஐயோ, என்னாலதானே அந்தப் பொண்ணு சாவுது” என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். நானும்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், புகை என்று சொல்லிக்கொண்டு.

ஐந்தாம் நோன்பு அன்று குச்சியைக் கிழித்தபோது சத்தமே இல்லை. அடுப்பைச் சுற்றி நீலமாக ஒரு வளையம் நின்றது. நின்றது நின்றபடியே எரிந்தது. “பீவிம்மா!” என்று தெய்வநாயகி போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

பரக்கத் பீவி உள்ளே வந்தாள். பயந்து பயந்துதான் வந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தை நெருப்பருகே கொண்டுபோய், நெஞ்சு கொள்ளுமட்டும் மூச்சை இழுத்தாள். இருமல் வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். அப்போதும் வரவில்லை. தெய்வநாயகியின் கரி அப்பிய கன்னத்தை இரண்டு கையாலும் தடவிக் கொடுத்தாள்.

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“இன்னாடா பாத்துனு நிக்கிறே? நேரமாவுது. அரிசி எங்க?”