தீர்ந்துபோனதாகச் சொன்ன படங்கள்

கயலு, செழியா, அப்பா உங்களிடம் மறைத்ததை எழுதுகிறேன்.

சேலத்தில் நடந்த கட்டற்ற மென்பொருள் மாநாட்டில், கோழிக் கொட்டகையில் சூடு ஏறினால் மணியடிக்கும் கருவியைக் காட்சிக்கு வைத்திருந்தாய், கயலு. கேட்பவர்களுக்குக் கொடுக்க அதன் செய்முறைப் படங்களையும் அடுக்கியிருந்தாய். சும்மா கொடுக்கவா என் மகள் இத்தனை பாடுபட்டாள் என்று, நீ சாப்பிடப் போனதும் அவற்றைப் பைக்குள் ஒளித்தேன்.

வெண்ணந்தூர்ப் பண்ணைக்காரர் ஒருவர் வந்தார்.

“படம் இருக்குங்களா? வெயிலுக்குக் கோழி சாகுதுங்க.”

“தீந்துபோச்சுங்க.”

மேசையிலிருந்த நோட்டில் தன் முகவரியை எழுதிவிட்டுப் போனார்.

நீ சாப்பிட்டுத் திரும்பி வந்து, “அத்தனையும் போயிருச்சாப்பா?” என்று சிரித்தாய். தலையாட்டினேன்.

மனது உறுத்த, மறுவாரம் அந்தப் படங்களோடு அவர் ஊருக்குப் போனேன். கொட்டகை காலியாகக் கிடந்தது.

“இனி எதுக்குங்க சாமி,” என்று அவர் படத்தை வாங்கவில்லை.

வழியிலிருந்த மற்றப் பண்ணைகளின் கேட்டுகளில் ஒவ்வொரு படமாகச் செருகிக்கொண்டே, தனியாக ராசிபுரம் வரை நடந்தேன்.