ஒரே படியில் நாலு கால்

போன மாதம் எங்கள் வீட்டுக்கு வெளிப்பக்கம் பெயின்ட் அடித்தோம். திருக்கோகர்ணத்தில் தெருவுக்கு நாலு வீடு பெயின்ட் அடிக்கிறார்கள், இதையெல்லாம் பத்தியாக எழுதுவார்களா என்று கேட்பீர்கள். நியாயம்தான். நானும் எழுதுவதாக இல்லை... சாரத்தின் மேலிருந்து அந்தக் கேள்வி வரும் வரை.

"அக்கா, இது அஞ்சாவது பாட்டுதானே?"

மாடி அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் போன் பாடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே சவுக்குக் கம்பில் காலை ஊன்றிக்கொண்டு, கையில் கயிறோடு நின்றிருந்தார் அடைக்கலம். சாரம் கட்டுவதற்காக பெயின்ட் கான்ட்ராக்டர் அனுப்பிய ஆள். ஐம்பதை நெருங்கும் வயது. திருமயம் பக்கத்தில் ஒரு கிராமம். அதுவரை அவர் என்னிடம் பேசியது மொத்தம் இரண்டே வார்த்தை: "தண்ணி வேணுங்க."

ஓடியது தமிழ்ப் பாட்டாக இருந்தால் நான் நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டேன். அது ஓர் ஆங்கில ராக் குழுவின் பாட்டு.

எந்தக் குழு? பெயர் சொல்ல மாட்டேன். அவர்களுடைய ரசிகர்கள் பொல்லாதவர்கள். ஒரு வருடத்தைத் தப்பாகச் சொன்னால்கூடச் சண்டைக்கு வருவார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் அப்படிச் சண்டைக்குப் போகிறவள்தான். திருச்சியில் கல்லூரி விடுதியில் இருந்தபோது அறைத்தோழியின் கேசட்டில் பிடித்த கிறுக்கு. கல்யாணம், குழந்தை, ஆசிரியர் வேலை, ஓய்வு என எல்லாம் வந்து போய்விட்டது. இது மட்டும் போகவில்லை. என் வீட்டுக்காரர் அந்தப் பாட்டுகளைப் பற்றிச் சொல்வது ஒன்றுதான் — "தகரக் கொட்டாயில மழை பெய்யுது, ஜன்னலைச் சாத்து."

குழுவில் இரண்டு பேர் முக்கியம். பாடகர், கிடாரிஸ்ட். சிறுவயதுச் சிநேகிதர்கள். புகழின் உச்சியில் ஏதோ சண்டை. பிரிந்தார்கள். அதன் பிறகு முப்பது வருடம் முகத்தோடு முகம் பார்க்கவில்லை. எழுபது தாண்டிய பிறகு, இப்போது திடீரென்று மறுபடியும் சேர்ந்து உலகச் சுற்றுப்பயணம். நாடு நாடாகக் கச்சேரி.

ரசிகர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி. எப்படிச் சமாதானமானார்கள்? யார் முதலில் போன் செய்தது? பேட்டியில் கேட்டால் இருவரும் சிரித்து மழுப்புகிறார்கள். அதுவும் தனித்தனிப் பேட்டியில்.

அந்தப் பயணத்துக் கச்சேரியின் பாட்டு வரிசையைத்தான் போனில் போட்டிருந்தேன். எண்ணிப் பார்த்தேன். ஐந்தாவது பாட்டுதான்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அடுத்த பாட்டுலதான் மேடை ஆடும். அதனால அஞ்சாவது ஆரம்பிக்கயிலேயே ஸ்பேனரைக் கையில எடுத்துருவேன்." கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கினார். "மேடை கட்டுனது நாங்கதாங்க."

துணி அப்படியே கிடந்தது. நான் டீ போட ஓடினேன்.

*

அடைக்கலம் பதினேழு வருடமாக வளைகுடாவில் சாரம் கட்டுகிறவர். முதலில் கட்டடங்களுக்கு. பிறகு கம்பெனி கச்சேரி மேடை கட்டும் வேலையையும் எடுத்தது. இரும்புக் குழாய், கிளாம்ப், பலகை. மைதானத்தில் ஒரு வாரத்தில் நாலு மாடி உயரத்துக்கு எழுப்பி, கச்சேரி முடிந்ததும் இரண்டே நாளில் பிரித்து லாரியில் ஏற்ற வேண்டும்.

கச்சேரி நடக்கும்போது இரண்டு பேர் மேடைக்கு அடியிலேயே இருக்க வேண்டுமாம். எங்கேயாவது கிளாம்ப் தளர்ந்தால் உடனே முறுக்குவதற்கு. அந்த இரண்டு பேரில் ஒருவர் இவர்.

"அப்ப நீங்க எத்தனை பாடகரைப் பார்த்திருப்பீங்க?"

"மொகத்தையா? ஒருத்தரையும் பாத்ததில்லக்கா. காலைத்தான் பாத்துருக்கேன். படிப் பலகைக்கு நடுவுல இடைவெளி இருக்கும்ல, அது வழியா."

அதாவது நான் நாற்பது வருடமாக முகத்தை மட்டும் பார்த்த குழுவை இந்த மனிதர் காலை மட்டும் பார்த்திருக்கிறார். பாடகர் படி ஏறுவதற்கு முன்னால் ஷூவை பேன்ட்டின் பின்பக்கத்தில் ஒரு தேய்ப்புத் தேய்த்துக்கொள்வாராம். கிடாரிஸ்ட்டுக்கு வலது முழங்கால் மடங்காதாம். எந்தப் பத்திரிகையில் இது வந்திருக்கிறது, சொல்லுங்கள்?

"டிராயிங் வந்தப்ப ரெண்டு படிக்கட்டு போட்டிருந்துச்சு. இங்கிட்டு ஒண்ணு, அங்கிட்டு ஒண்ணு. மத்த மேடைக்கெல்லாம் ஒண்ணுதானே, இதுக்கு எதுக்கு ரெண்டுன்னு கேட்டேன். சூப்பர்வைசரு சிரிக்கிறாரு. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாதாம். ஒருத்தரு இந்தப் பக்கம் ஏறி இந்தப் பக்கம் எறங்கணும். மத்தவரு அந்தப் பக்கம். அவங்க ரூமுகூட மைதானத்துல இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும். எல்லா ஊர்லயும் இதே ஏற்பாடுதானாம். மூணு நாள் ஒத்திகைக்கும் ஒருத்தரு போனப்பறந்தான் இன்னொருத்தரு வருவாரு."

என் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. உலகமே எப்படிச் சமாதானமானார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. பதில் என் வீட்டு வெராண்டாவில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறது — சமாதானமே ஆகவில்லை. மேடையில் மட்டும் இரண்டு மணி நேரம் ஒன்றாக நிற்கிறார்கள். மேடைக்குக் கீழே அதே முப்பது வருடப் பகை.

மனசு கொஞ்சம் விட்டுப்போனது. அதை அவர் கவனித்திருக்க வேண்டும்.

"இருங்கக்கா, முழுசாக் கேளுங்க" என்றார்.

*

கச்சேரி அன்று மதியம். சாப்பாடு முடித்துவிட்டுக் கடைசியாக ஒரு சுற்றுப் பார்க்கப் போயிருக்கிறார் அடைக்கலம். கிடாரிஸ்ட் ஏறவேண்டிய இடதுபக்கப் படியில் ரசமட்டத்தை வைத்தால் குமிழி நடுவில் நிற்கவில்லை. ஓர் ஓரமாக ஓடுகிறது. குனிந்து பார்த்திருக்கிறார். படியைத் தாங்கும் இரும்புக் கால் ஒன்று இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது. மேடைக்குப் பின்னால் கருவிகள் வைக்கும் அறைக்குப் போட்ட ஏசியிலிருந்து தண்ணீர் மூன்று நாளாகச் சொட்டுச் சொட்டாக அங்கேதான் போயிருக்கிறது. அடியில் மணல். விரலை வைத்தால் உள்ளே போகிறது.

சூப்பர்வைசரிடம் சொன்னார். பிரித்துக் கட்ட நாலு மணி நேரம் ஆகும். கச்சேரிக்கு மூன்று மணி நேரம்தான் இருந்தது.

"ஒரு பலகையை வச்சு முட்டுக்கொடு, இன்னைக்கு ஒரு நாளைக்குத் தாங்கும்னாரு. தாங்கியிருக்கலாம், இல்லேங்கல. ஆனா அவரு ஒத்தையா ஏற மாட்டாரு. முழங்கால் முடியாதவரு, பிடிச்சுக்க ரெண்டு பேரு கூட ஏறுவாங்க. மூணு பேரு கனம்." டீயை ஒரு மடக்குக் குடித்தார். "முன்னாடி ஒரு தடவை வேற சைட்ல 'இன்னைக்கு ஒரு நாளைக்கு'ன்னு விட்டோங்க்கா. கூட வேலை பாத்தவருக்கு இடுப்பு போச்சு. ராமநாதபுரத்துக்காரரு. இன்னும் படுக்கைதான்."

அவர்கள் வேலையில் இரண்டு அட்டைகள் உண்டு. பச்சை தொங்கினால் ஏறலாம். சிவப்பு தொங்கினால் யாரும் ஏறக்கூடாது. மாட்டியவரோ பாதுகாப்பு அதிகாரியோ எடுத்தால்தான் உண்டு. வேறு யாரும் எடுக்க முடியாது.

அடைக்கலம் சிவப்பு அட்டையை மாட்டிவிட்டார்.

சூப்பர்வைசர் கத்தியிருக்கிறார். கழற்று, இல்லாவிட்டால் நாளைக்கு நீ இங்கே இருக்க மாட்டாய் என்று. பிறகு குழுவின் மேனேஜர் ஓடி வந்திருக்கிறார். காதில் கருவி மாட்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி.

"அந்தம்மா அழுகுற மாதிரி ஆயிட்டாங்க. ரெண்டு பேரையும் ஒரே படியில ஏத்தவே முடியாதாம். கான்ட்ராக்ட்லயே எழுதியிருக்காம். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல 'நோ சேஃப், மேடம்... நோ சேஃப், மேடம்'னு அதையேதான் சொல்லிக்கிட்டு நின்னேன்."

"பயமா இல்லையா?"

"இல்லாமயா? கிளாம்பைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன், பயம் தெரியக்கூடாதுன்னு. மகள் புதுக்கோட்டையில நர்சிங் ரெண்டாவது வருசம். அது மொகம்தான் வந்துச்சு. அட்டையக் கழட்டிருவமான்னு ஒரு நிமிசம் கை போயிருச்சுக்கா. பொய் சொல்லல."

கழற்றவில்லை. வாக்கிடாக்கியில் பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிட்டார். அவர் பிலிப்பைன்ஸ்காரர். வந்தார், குனிந்தார், மணலில் விரலை விட்டுப் பார்த்தார். சிவப்பு அட்டையில் தன் கையெழுத்தையும் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆக, இருப்பது ஒரே படி. பாடகருடைய படி.

*

சாயங்காலம். அடைக்கலம் மேடைக்கு அடியில், கறுப்புத் துணிக்குப் பின்னால். வெளியே கூட்டம் இரைகிறது. முதலில் பாடகரின் ஷூ வந்தது. வழக்கம்போல ஒரு தேய்ப்பு. பிறகு மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து கிடாரிஸ்ட்டைக் கூட்டி வருகிறார்கள். இரண்டு ஜோடி ஷூவும் படிக்குக் கீழே எதிரெதிராக நின்றன.

"எவ்வளவு நேரம்?"

"நேரம் என்ன... நாலு மூச்சு இருக்கும். எனக்கு ஒரு மணி நேரம் மாதிரி இருந்துச்சு."

பாடகரின் ஷூ ஓர் அடி பின்னால் போனது. வழி விட்டிருக்கிறார். கிடாரிஸ்ட் ஏறினார். சிக்கல் என்னவென்றால், இடதுபக்கத்தில் ஒவ்வொரு படியையும் அவருடைய முழங்காலுக்காகத் தாழ்வாகவும் அகலமாகவும் கட்டியிருந்தார்கள். இது சாதாரண உயரம். குறுகலும்கூட. மூன்று பேர் சேர்ந்து ஏற இடமில்லை; பிடித்துக்கொள்ள வந்த இருவரும் கீழேயே நின்றுவிட்டார்கள். பதினோரு படி. மூன்றாவதில் அவர் நின்றுவிட்டார். வலது கால் தூக்குகிறது, எட்டவில்லை. மறுபடி தூக்குகிறது.

"அப்பத்தாங்க்கா, பின்னாடியிருந்து அந்த ஷூ மேல வருது. ஒரு படி. ரெண்டு படி. மூணாவது படியில, அவரு பக்கத்துலயே ஒட்டி நிக்குது. ஒரே படியில நாலு காலு. ரெண்டு பேரும் ஒண்ணா ஒரு காலைத் தூக்குறாங்க, நிக்கிறாங்க. அடுத்த படி, நிக்கிறாங்க. அப்படியே எட்டுப் படி."

ஆறிப்போன டீயைக் கீழே வைத்தேன்.

"நடுவுல, ஏழாவது படியில, பாடுறவரு ஏதோ சொன்னாரு. கிடாருக்காரரு சிரிச்சாரு. நல்லாவே சிரிச்சாரு, குழாய் அதிர்ந்துச்சு."

"என்ன சொன்னார்?"

"ஜெனரேட்டர் சத்தம்க்கா."

"ஒரு வார்த்தைகூடவா கேக்கல?"

யோசித்தார். "ஸ்டீல்னு ஒரு வார்த்தை காதுல விழுந்துச்சு. குழாயைப் பத்தித்தான் பேசியிருப்பாங்க. கைப்பிடி வெயில்ல சுட்டுருக்கும்."

ஸ்டீலா? ஸ்டில்லா? 'இன்னும்' என்று பொருள்படும் அந்த வார்த்தையாக இருந்தால்... இன்னும் என்ன? இன்னும் கோபமா? இன்னும் உயிரோடுதான் இருக்கிறாயா? இன்னும் அதே நொண்டிக் காலா? அந்த ஒரு வாரமும் இதே யோசனை. மறுநாளும் கேட்டேன், அதற்கு மறுநாளும் கேட்டேன். "ஸ்டீலுதாங்க்கா" என்று முடித்துவிட்டார்.

கச்சேரி நல்லபடியாக நடந்தது. ஆறாவது பாட்டில், ஒத்திகையில் ஆடியதுபோலவே, மேடை ஆடியது. இவர் முறுக்க வேண்டியதை முறுக்கினார். அடுத்த நாள் காலை சூப்பர்வைசர் இவரிடம் டிக்கெட்டைக் கொடுத்து, "ஊருக்குப் போ, லீவு. கூப்பிடும்போது வா" என்றிருக்கிறார். வந்து மூன்று மாதம். கூப்பிடவில்லை. அதனால்தான் என் வீட்டுச் சுவரில் சவுக்குக் கம்பு கட்டிக்கொண்டிருந்தார்.

"வருத்தமா இருக்கா?"

"படி சரிஞ்சிருந்தா, கட்டுனவன் யாருன்னு என் பேரைத் தேடிக் கண்டுபிடிச்சிருப்பாங்க. சரியாம இருந்தா பேரே கிடையாது. நம்ம வேலை அதுதானேக்கா."

*

அந்த ஊர்க் கச்சேரியின் வீடியோவைத் தேடி எடுத்தேன். மற்ற ஊர்களில் இருவரும் இரண்டு பக்கமிருந்து வருகிறார்கள். இதில் மட்டும் ஒரே பக்கமிருந்து, தோளோடு தோள் உரசிக்கொண்டு வருகிறார்கள். கீழே ரசிகர்கள் விளக்கம் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். பாடகருக்கு வியாதி என்று ஒருவர். பழைய காதலி வந்து பேசி வைத்தாள் என்று இன்னொருவர். எல்லாமே வியாபார நாடகம் என்று மூன்றாமவர்.

நான் சும்மா இருப்பேனா? நடந்ததை அப்படியே எழுதினேன். ஏசித் தண்ணீர், மணல், சிவப்பு அட்டை எல்லாம். உடனே ஒருவர் பதில் போட்டார் — கதை விடுவதற்கும் ஓர் அளவு வேண்டும் என்று.

அடைக்கலத்திடம் வீடியோவைக் காட்டினேன். முதல் முறையாக முகத்தைப் பார்க்கிறார்.

"இவரா? ஷூவை வச்சு நாப்பது வயசு ஆளுன்னுல்ல நெனச்சேன்" என்றார் பாடகரைப் பார்த்து. பிறகு போனை வாங்கிக் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். உருகிப்போய் நிற்கிறார் போல என்று நினைத்தேன். "பின்னாடி மூணாவது குழாய்ல மூடி மாட்டாம விட்டுருக்கோம் பாருங்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

பெயின்ட் வேலை முடிந்து சாரத்தைப் பிரிக்கும் அன்று அவருக்கு ஒரு போன் வந்தது. அந்தப் பிலிப்பைன்ஸ்காரர். வேறு கம்பெனிக்கு மாறிவிட்டாராம். சாரம் வேலைக்கு ஆள் கேட்டபோது, அங்கே அவர் சொன்ன முதல் பெயர் அடைக்கலம். விசா தயாராகிறது. கீழே இறங்கி வந்து சொன்னார். முகமெல்லாம் சிரிப்பு. மகளுக்குத்தான் முதலில் சொன்னாராம். இரண்டாவது எனக்கு.

"இதுவும் கச்சேரி மேடையா?" என்றேன்.

"ஆமாங்க. பெரிசாம்."

"யார் பாடுறாங்க?"

அடைக்கலம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அதைக் கேக்கலியேக்கா. தரை மண்ணா, சிமெண்டான்னுதான் கேட்டேன்."