யார் அந்த 'ஷீ'?

என் கணவருக்குக் கொச்சி வில்லிங்டன் தீவில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. பக்கத்திலுள்ள கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் ஆள் எடுக்கப்போகிறார்கள், ஆங்கிலம் பேசத் தெரிந்தால் போதும் என்று யாரோ சொன்னார்களாம். நாற்பது வயதில், மட்டாஞ்சேரி வீட்டுக் குளியலறைக்குள் போனையும் எடுத்துப்போய், குழாயைத் திறந்துவிட்டு, ஆங்கிலம் பேசிப் பழக ஆரம்பித்தார்.

முதலில் சிரிப்பாக இருந்தது. ஒரு நாள் கொடியில் துணி எடுக்கப் போனபோது காதில் விழுந்தது: "ஷீ இஸ் வெயிட்டிங். ஷீ வில் லீவ் டுமாரோ."

நான் மலையாளப் பள்ளியில் பத்தாவது வரை படித்தவள். 'ஷீ' என்றால் அவள் என்று தெரியும். மீதி மங்கல்தான். எங்கள் வீட்டுப் பேச்சில் பாதி மலையாளம். அவர் 'போயி' என்பார். போனது ஆணா பெண்ணா, தெரியாது. தமிழில் 'போனாள்' என்றால் வினைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் அவளை முதலிலேயே கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள்.

"யார்கிட்ட பேசிட்டிருந்தீங்க?"

"யார்கிட்டயும் இல்ல. படிக்கறேன்."

குளிக்கப் போகிறவருக்கு உள்ளே போன் எதற்கு? நான் கேட்கவில்லை. கீழ்வீட்டில் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கும் சேச்சியிடம், காரணம் சொல்லாமல், எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்றேன்.

செய்கிறவர் முதலில், அடுத்து வினை, மற்றதெல்லாம் பிறகு என்றார் சேச்சி. 'இஸ் வெயிட்டிங்' இப்போது நடப்பது. 'வில் லீவ்' இனி நடக்கப்போவது. நோட்டில் இரண்டையும் சேர்த்து எழுதிப் பார்த்தேன். ஒருத்தி காத்திருக்கிறாள், நாளைக்குக் கிளம்புவாள். யாரோடு?

அடுத்த வாரம் "ஷீ ஹேஸ் அரைவ்ட்" என்று கேட்டது. சேச்சியிடம் அர்த்தம் கேட்டேன்.

"வந்து கழிஞ்ஞு. இப்ப இங்கதான் உண்டு."

மாடியேறிப் போனால், அவர் இஸ்திரி போட்ட சட்டையில் நிற்கிறார்.

"யாரு அந்த ஷீ?"

"எந்த ஷீ?"

"காத்திட்டிருந்தாளே. வந்துட்டாளாமே, அவ."

"அது கப்பல்டீ. அந்த ஏஜென்ட் ஆபீஸ்காரர் ஒருத்தர் போன்ல பேசி அனுப்பறதைக் கேட்டுச் சொல்லிப் பாக்கறேன். அங்க கப்பலை ஷீன்னுதான் சொல்றாங்க."

"உயிரில்லாததுக்கு 'இட்'டுன்னுதானே சேச்சி சொன்னாங்க?"

அவரைக் கையோடு கீழே அழைத்துப் போனேன். சேச்சிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பழைய கப்பல்காரங்க அப்படித்தான் சொல்லும். சேட்டன் பொய் பறயல."

இரண்டு பேரும் சேர்ந்து சொல்கிறார்களோ என்றும் ஒரு நினைப்பு ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை அவர் என்னைக் கோட்டைக் கொச்சிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். துறைமுக வாயில் வழியாக ஒரு சரக்குக் கப்பல் வெளியேறிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் துருப் பிடித்திருந்தது. மேல்தளத்தில் யாருடைய பனியன்களோ காய்ந்துகொண்டிருந்தன.

"ஷீ இஸ் லீவிங்" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

அந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று. அவர் ஆங்கிலத்தை விட்டுவிட்டார். நான் விடவில்லை. சாயங்காலம் ட்யூஷன் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து இறந்தகாலம் எழுதுகிறேன். 'கோ' எப்படி 'வென்ட்' ஆகும் என்பதை மட்டும் சேச்சி எத்தனை முறை சொன்னாலும் நம்ப முடியவில்லை.