மங்கலாகத் தெரிந்த ஃபைல்

சிதம்பரத்தில் நானும் என் மனைவியின் தம்பியும் சேர்ந்து டைப்பிங் சென்டர் நடத்தினோம். எனக்கு ஒரு கம்ப்யூட்டர், அவனுக்கு ஒன்று. வந்ததெல்லாம் ஆராய்ச்சி மாணவர்களின் தீசிஸ். ஒருத்தருடையது இன்னொருத்தர் கைக்குப் போனால் கடையை மூட வேண்டியதுதான். அதனால் எனக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. மச்சானின் கம்ப்யூட்டரில் பென் டிரைவ் செருகும் ஓட்டையை டேப் போட்டு அடைத்திருந்தேன். மறைந்திருக்கிற ஃபைல்களும் மங்கலாகவாவது கண்ணில் படும்படி என்னுடையதை செட் செய்திருந்தேன்.

ஒரு நாள் காலை என் கம்ப்யூட்டரில், சேத்தியாத்தோப்பிலிருந்து வருகிற ஒருவரின் தீசிஸ் பக்கத்தில், கிட்டத்தட்ட அதே பேரில் மங்கலாக இன்னொரு ஃபைல் இருந்தது. நான் வைக்கவில்லை. அப்படியென்றால் அவன்தான் காப்பி எடுத்திருக்கிறான்! நோட்பேடில் திறந்தேன். ஒரே குப்பை எழுத்து. அதற்கு முன்னால் ஒரு பேர். என் பேர்.

மச்சான் இருந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தான்.

"வேர்டுல ஒரு ஃபைலைத் திறந்தா, திறந்தவுங்க பேரோட இப்படி ஒண்ணு தானா வந்துடும் மாமா. மூடுனா போயிடும். நேத்து நீங்க அடிக்கும்போது கரண்ட் போச்சில்ல, அதான் தங்கிடுச்சி."

அதையும் நான் நம்பவில்லை.

"நான் இல்லாதப்ப என் சேர்ல உக்காந்தியா?"

அவன் கீபோர்டிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"நீங்க எப்ப மாமா எந்திரிச்சீங்க?"