சுகந்தி டொக்டரும் முறிந்த திருகாணியும்

செய்தியைச் சொன்னவள் கதிரவெளி நிலானி. "மாமா, சுகந்தி டொக்டர் போயிட்டாவாம். உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியிலேயே அழுதாள். எனக்குத் தெரியாது. பாதி வளைத்திருந்த பற்கம்பியைக் கையில் வைத்தபடியே இருந்துவிட்டேன்.

மட்டக்களப்பில் உங்களில் பலர் அவரை அறிவீர்கள். கோணிய பற்களை ஒழுங்காக்கும் வைத்தியர். அவருக்கு வேண்டிய கம்பிகளையும் வாயில் மாட்டும் தட்டுகளையும் செய்து கொடுத்தவன் நான்.

சுனாமி அவருடைய கணவரைக் கல்லடியில் வைத்துக் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. ஆனாலும் மூன்றாம் நாள் ஆசுபத்திரிக்கு வந்து, முகம் தெரியாமல் கிடந்தவர்களைப் பற்களை வைத்து அடையாளம் காண உதவினார். வீட்டுக்குப் போகச் சொன்னேன். "எங்கயாவது ஒராள் அவரையும் இப்பிடிப் பார்த்துச் சொல்லமாட்டாங்களா, ராசன்?" என்றார். யாரும் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு நிலானி வந்தாள். பதினாறு வயது. ஷெல் துண்டு ஒன்று கீழ்த்தாடையின் ஒரு பக்கத்துக் கடைவாய்ப் பற்களைக் கொண்டுபோயிருந்தது. மீதிப் பற்கள் சரிந்து, வாய் மூடாது. கையால் மறைத்துக்கொண்டே பேசுவாள். சரிந்த பல்லை இழுக்கக் கம்பியைப் பின்னால் உறுதியான ஒரு பல்லில் கட்ட வேண்டும். அவளுக்கு அது இல்லை. தாடையெலும்பிலேயே சின்னத் திருகாணி பொருத்தி அதில் கட்டுவோம் என்று டொக்டர் முடிவெடுத்தார். எங்கள் இருவருக்கும் அது புதிய வேலை.

திருகும்போதே ஆணி முறிந்தது. உள்ளே நின்ற துண்டை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. டொக்டர் வெளியே வந்து, வாங்கிலில் உட்கார்ந்திருந்த நிலானியின் தகப்பனிடம் அவர் கேட்கும் முன்பே சொன்னார்: "ஐயா, ஆணி முறிஞ்சிட்டு. புள்ளையில பிழையில்ல. என்னில பிழை."

தகப்பன் கடலுக்குப் போகிறவர். "இன்னும் எத்தின தரம் டொக்டர் இந்தப் புள்ளைய வெட்டுவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் டொக்டர் ஏறாவூர் இறைச்சிக் கடையில் மாட்டுத் தாடையெலும்புகள் வாங்கி வந்தார். அவற்றில் ஆணிகளைப் பொருத்தி, வாளியைத் தொங்கவிட்டு, மணலை அள்ளிப் போட்டோம். கம்பி இழுக்கும் இழுவையைவிடப் பல மடங்கு பாரத்தை ஆணி தாங்கியது. ஆனால் கெட்டியான எலும்பில் நேரே திருகியபோது சில முறிந்தன. முதலில் மெல்லிய துளை போட்டுத் திருகியவை ஒன்றும் முறியவில்லை.

"ஆணியில பிழையில்ல, ராசன். நேரே திருகினதுலதான் முறிஞ்சிருக்கு. துளை போட்டிருக்கோணும். அந்தப் புள்ளைக்குச் சும்மா நோவக் குடுத்திட்டன்" என்றவர் அழுதார். கணவரைத் தேடிய நாட்களிலும் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

மறுபடி ஆணி பொருத்தத் தகப்பன் மறுத்தார். நிலானிதான், "பிழையெண்டு சொன்னவதானே அப்பா. அவவிட்டயே செய்வம்" என்றாள். இரண்டாவது ஆணி நின்றது. வாய் மூட இரண்டு வருடம் சென்றது. அவளுடைய கலியாணத்துக்கு டொக்டர் போயிருந்தார்.

தன்னைக் கொண்டுபோன நோயை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

போன மாதம் நான் செய்த பொய்ப்பல் தட்டு ஒரு முதியவரின் பல் முரசைப் புண்ணாக்கிவிட்டது. இப்போதுள்ள வைத்தியரின் பிழையென்று நினைத்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "ஐயா, அது நான் விட்ட பிழை" என்றேன். சுகந்தி டொக்டரிடமிருந்து நான் வைத்திருப்பது இந்த ஒரு வசனம்தான். அவரைப் போல் நடுங்காமல் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.