கலசத்து உமி

சாமி சாப்பிட்டார் என்பதுதான் செய்தி. வருசநாட்டுக்குப் போகும் வழியில், மலையடிவாரத்துச் சிவன் கோயிலில், விமானக் கலசத்துக்குள் அடைத்து வைத்த வரகைப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு மணி விடாமல் உண்டுவிட்டு, உமியை மட்டும் மிச்சம் வைத்தாராம். தேனி பஸ் ஸ்டாண்டில் இதைச் சொன்னவர் அந்த உமியில் ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். தொட்டுப் பார்க்கக் கொடுத்தார். உடனே திருப்பி வாங்கிக்கொண்டார்.

சாமி உமி நீக்கி உண்பார் என்பது சற்றுப் புதிய தகவலாக இருந்ததால், விசாரிக்க வேண்டியதாயிற்று.

விசாரணை நேராகப் பஞ்சம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றது. கலசத்துக்கு வரகு கொடுத்தவள் அவள்தான். இரண்டு ஏக்கர் மானாவாரிப் புஞ்சை. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த ஒரே மகள் கருத்தம்மாள். வாய்க்குள் நாக்கு இருக்கிறதா என்று ஊர் சந்தேகப்படும் அளவுக்குப் பேசாத புருஷன் ஒச்சாண்டி. அவளுக்கு வாய்த்தது அவ்வளவுதான். பிள்ளை பிறந்தால், தன் நிலத்தில் விளைந்த வரகைக் கலசத்துக்குத் தருவதாக அந்தச் சாமியிடம் வேண்டியிருந்தாள்.

அறுபத்தாறில் கோயில் வேலை முடிந்து கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தபோது, வானம் பொய்த்து ஊரில் பாதி அடுப்பு எரியவில்லை. பஞ்சம்மாள் வீட்டு உத்தரத்தில் மட்டும் மஞ்சள் துணிப்பையில் இரண்டு படி வரகு தொங்கியது. வீட்டில் வேறு தானியம் கிடையாது.

"ஒரு மணி வரகுக்கு ஒரு வருசம் கைலாச வாசம் தாயி. ஏழு தலைமொறைக்கு ஒங்க வம்சம் ஒக்காந்து சாப்பிடும்" என்று தர்மகர்த்தா ராக்கப்பன் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வம்சம் கீழே பாயில் படுத்துப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வயது ஆறு.

"ஆத்தா, அந்தப் பையில இருக்குல்ல?"

"அது சாமிக்கு வச்சதுடி. நாம தொடக் கூடாது."

"சாமிக்கும் பசிக்குதா?"

பசியோடு காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. ஒச்சாண்டி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, மருந்து வாங்க என்று தினமும் கடமலைக்குண்டுக்கு நடந்தார். சாயங்காலம் திரும்பியதும் பஞ்சம்மாள் கீரை அவித்த தண்ணீரை நீட்டுவாள்.

"பசிக்கல ஆத்தா. நீ குடி."

ஒன்பது நாளும் இதே பேச்சு. பத்தாம் நாள் காய்ச்சல் முந்திக்கொண்டது.

பிள்ளை போன தீட்டுக் கழிந்த மறுவாரம் கும்பாபிஷேகம். பையை ஒச்சாண்டியே தூக்கிக்கொண்டு போனார். வாங்கிப் பார்த்த ஸ்தபதி, "லேசா இருக்கேய்யா" என்றார்.

"புண்ணியத்துக்கு ஏதுய்யா எடை?" என்றார் ராக்கப்பன். பை கலசத்துக்குள் இறங்கிற்று.

அதற்குப் பிறகு பஞ்சம்மாளைக் கோயிலில்தான் பார்க்க முடிந்தது. வாசல் தெளித்தாள். அபிஷேகத் தண்ணீர் போகும் வாய்க்காலின் அடைப்பைக் குத்திவிட்டாள். மழை ஓய்ந்ததும் ஏணி போட்டு ஏறி, விமானத்தின் இடுக்குகளில் முளைத்த அரசங்கன்றுகளை வேரோடு பிடுங்கினாள். ஒரு கன்றை விட்டால் போதும், விமானம் விரிசல் விடும். கூலி கேட்டதில்லை. ஊர் அதைப் பக்தி என்றது. மகள் வாய்க்குப் போகாதது மேலே பத்திரமாக இருக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்த பக்தி அவ்வளவுதான். கன்று பிடுங்கும்போதெல்லாம் அந்தப் "பசிக்கல ஆத்தா" காதில் விழும். ஆறு வயதில் அப்படிப் பொய் சொல்ல யார் கற்றுக்கொடுத்தது என்று நினைத்து ஏணியிலேயே நின்றுவிடுவாள்.

எழுபத்தெட்டில் மறு கும்பாபிஷேகத்துக்காகக் கலசத்தை இறக்கினார்கள். பையைப் பிரித்தார்கள். உமி.

வரகுக்குப் பொறுப்பு தன்னுடையது என்பது ராக்கப்பனுக்கு அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்திருக்க வேண்டும். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டார்.

"சாமி சாப்பிட்ருச்சுய்யா!"

"பூச்சி அரிச்சிருக்கும்" என்ற ஒருவரை நாத்திகர் என்று பின்னுக்குத் தள்ளினார்கள். அன்று மதியமே உமி பொட்டலமாகிப் பிரசாதமாயிற்று.

பஞ்சம்மாள் அதற்கு முன்பே ஒரு பிடி அள்ளிப் பார்த்திருந்தாள். பூச்சி தின்றால் ஓட்டை விழும். சாமி தின்றால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. உலக்கை பட்டால் எப்படி உடையும் என்று நன்றாகத் தெரியும். அந்தப் பிடியை முந்தானையில் முடிந்துகொண்டு, மாலை போடக் காத்திருந்தவர்களைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

ஒச்சாண்டி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"எந்த உரல்ல குத்துனீக?"

பன்னிரண்டு வருடம் காத்திருந்த கேள்வி. அவர் உடனே சொல்லிவிட்டார். "கடமலைக்குண்டுல. பலசரக்குக் கடை சாராள் அக்கா வீட்டு உரலு."

"நீங்க தின்னீகளா?"

"ஒரு பருக்க தொடல புள்ள. பாப்பாவுக்கு மட்டுந்தான். அக்காதான் குத்திக் காச்சிக் குடுத்தாக. ஒம்போது நாளும் வயிறு முட்டக் குடிச்சா. ஆத்தாட்டச் சொல்லக் கூடாதுன்னு சொல்லி வச்சேன்."

பஞ்சம்மாள் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அப்ப நெசமாவே பசிக்கலையா அவளுக்கு?"

"பசிக்கல."

"பன்னெண்டு வருசமா ஏன் சொல்லல?"

"அது மேல இருக்குன்னுதான நீ எந்திரிச்சு நடமாடுன?"

அவள் அழுத சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. சாமி ஏற்றுக்கொண்ட ஆனந்தம் என்று ஊர் விளக்கம் சொன்னது.

அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. விட்டால், சாமி சொத்தைத் திருடியவன் என்று புருஷனைச் சந்தியில் நிறுத்துவார்கள். ஒச்சாண்டி இறந்து இந்தச் சித்திரையோடு மூன்று வருடம். "இனி எழுதுங்க. அவரு காதுல விழவா போகுது?" என்று பஞ்சம்மாளே சொன்னாள். கன்று பிடுங்க இன்னும் ஏறுகிறாள். இப்போது மேலே இருப்பது உங்கள் வரகு இல்லையே என்றால், "அரசங்கன்னுக்கு அது தெரியுமா?" என்கிறாள்.

ஒரு பாக்கி மட்டும் நிற்கிறது. அந்தப் பக்கத்து வழக்கப்படி, குத்திக் கொடுத்தவளுக்கு உமி சேர வேண்டும். பை தொளதொளத்துவிடக் கூடாதே என்று சாராள் அன்று அதை விட்டுக்கொடுத்தாள். பிறகு தருவதாக ஒச்சாண்டி வாக்குக் கொடுத்திருந்தார். இப்போது மிஞ்சியிருப்பது பஞ்சம்மாளின் முந்தானை முடிச்சில் இருக்கும் ஒரு பிடி மட்டுமே.

சந்தையில் பார்த்தால் சாராள் விடுவதில்லை. "ஏண்டி பஞ்சு, எங் கோழிக ஏசப்பா வருகைக்கும் காத்துக் கெடக்கு, ஓ உமிக்கும் காத்துக் கெடக்கு. எது முந்தும்?"

"தாரேங்க்கா" என்கிறாள் பஞ்சம்மாள், முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டு. ஆறு வருடமாக அப்படித்தான் சொல்கிறாள்.